பாசி கசியவிடும் கரிமப் பொருள் நீரிலுள்ள மாசுகளை என்ன செய்கிறது? ஒரு சோதனையிலிருந்து எழுந்த கேள்வி

வடிநீர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நுண்பாசிகளைப் பற்றிய ஆய்வில் அண்மையில்தான் கால்வைத்திருக்கிறேன். எனக்குப் புரியாத ஒன்றை உங்கள் முன் வைக்கிறேன்.

குளோரெல்லா என்னும் பச்சைப் பாசியை மூன்று வாரம் வளர்த்து, அந்த வளர்ப்பை 0.45 மைக்ரோமீட்டர் துளையுள்ள வடிதாளில் வடித்தேன். உயிரணுக்கள் எல்லாம் தாளில் தங்கிவிட, வெளிர்மஞ்சள் சாயல் கொண்ட தெளிந்த வடிநீர் கிடைத்தது. அதில் லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்ற அளவில் செம்பைச் சேர்த்தேன். ஒப்பீட்டுக்காக, உப்புகளைக் கலந்து தயாரித்த சாதாரண சோதனை நீரிலும் அதே அளவு செம்பைச் சேர்த்து, இரண்டிலும் நீர்த்தெள்ளுகளை (டாஃப்னியா) விட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது, சாதாரண நீரில் இருந்தவை ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் குடுவையின் அடியில் கிடந்தன. குடுவையை மெல்லச் சுழற்றினால் நீரோட்டத்தோடு உருண்டனவே தவிர, தாமாக அசையவில்லை. வடிநீரில் இருந்தவையோ ஒன்றும் நடவாததுபோல் மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டிருந்தன. செம்பை அளந்து பார்த்தேன்; இரண்டு குடுவைகளிலும் மொத்தச் செம்பு ஏறக்குறைய ஒரே அளவுதான்.

பாசி வெளியிட்ட கரிமப் பொருள் செம்பைக் கட்டிப்போட்டு அதன் நச்சை நீக்கிவிட்டது என்று நான் முடிவுசெய்வது சரியா? சரி என்றால், பாசி பெருகிய நீர்நிலைகளில் மாசுகள் தாமாகவே தணிந்துவிடும் என்று கொள்ளலாமா?

நுண்ணோக்கி எழுதியது:

நல்ல கேள்வி. மொத்தச் செம்பையும் அளந்து வைத்திருக்கிறீர்கள். அதனால்தான் இதைப் பற்றிப் பேசவே முடிகிறது. முதலில் உங்கள் முடிவில் உள்ள உண்மையைச் சொல்லிவிட்டுப் பிறகு ஐயங்களுக்கு வருகிறேன்.

பாசி உயிரோடு இருக்கும்போதே தான் தயாரித்த கரிமப் பொருளில் ஒரு பகுதியைத் தொடர்ந்து நீரில் கசியவிடுகிறது. கூட்டுச்சர்க்கரைகள், புரதங்கள், பெப்டைடுகள், அமினோ அமிலங்கள், சிறிய கரிம அமிலங்கள் ஆகியவை அதில் கலந்திருக்கும். இவற்றின் மேல் கார்பாக்சில், பாஸ்பேட், அமைன் போன்ற தொகுதிகள் அடர்ந்திருப்பதால், நேர்மின்னூட்டம் கொண்ட உலோக அயனிகள் அவற்றில் போய் ஒட்டிக்கொள்கின்றன. கந்தகத்தைக் கொண்ட தயோல் தொகுதிகள் அளவில் குறைவாக இருந்தாலும், செம்பு, பாதரசம் போன்ற உலோகங்களை மிக இறுக்கமாகப் பிடிப்பவை அவையே. நீர்த்தெள்ளின் செவுளைப் போய்த் தாக்குவது பெரும்பாலும் தனித்து அலையும் செம்பு அயனிதான். கரிமப் பொருளில் கட்டுண்ட செம்பு அந்த இடத்தை எளிதில் அடைவதில்லை. ஆகவே மொத்தச் செம்பு ஒன்றாக இருந்தும் நச்சுத்தன்மை வேறுபடுவதில் வியப்பில்லை. கடலில் வாழும் சைனெகோகாக்கஸ் போன்ற நுண்ணுயிர்கள் செம்பை வலுவாகப் பிடிக்கும் மூலக்கூறுகளைத் தாமே வெளியிட்டுத் தம்மைச் சுற்றியுள்ள நீரைத் தமக்கு ஏற்றதாக ஆக்கிக்கொள்கின்றன என்பது நெடுநாளாக அறியப்பட்டது.

இனி ஐயங்கள். நீங்கள் எந்த வளர்ப்பு ஊடகத்தைப் பயன்படுத்தினீர்கள்? பிஜி-11 என்றால், அதில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஈடிடிஏ உப்பு இருக்கிறது. ஈடிடிஏ உலோகங்களைப் பிடிப்பதற்கென்றே சேர்க்கப்படுவது. கணக்கிட்டுப் பாருங்கள்: துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் மோல் அலகில் 1 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ 2.7 மைக்ரோமோல்; நீங்கள் சேர்த்த 60 மைக்ரோகிராம் செம்பு 0.94 மைக்ரோமோல்தான். ஊடகத்தில் உள்ள இரும்பும் ஈடிடிஏவில் பங்கு கேட்கும் என்றாலும், பாசி ஒரு துளிகூடக் கசியாமல் இருந்திருந்தாலும் உங்கள் நீர்த்தெள்ளுகள் பிழைத்திருக்க இடமுண்டு.

அடுத்து, வடிநீரின் பிஹெச் என்ன? ஒளியில் கரியமில வாயுவை உறிஞ்சி வளரும் பாசி, நீரின் பிஹெச் அளவை 9க்கு மேல் கொண்டுபோவது வழக்கம். அந்த நிலையில் செம்பின் பெரும்பகுதி ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட் சேர்மமாகவும் மாறிவிடும்; தனித்து அலையும் அயனி குறைந்துவிடும். மேலும், ஊடகத்தில் சோடியம் நைட்ரேட் மிகுதியாக உள்ளது. சோடியமும் நீர்த்தெள்ளின் உடலில் செம்பின் தாக்குதலைச் சற்றுத் தணிக்கும். சாதாரண நீரோடு ஒப்பிட்டதால் இந்த மூன்று காரணங்களையும் கசிவின் கணக்கிலேயே எழுதிவிட்டீர்கள் என்று அஞ்சுகிறேன்.

வடிநீர் எழுதியது:

ஊடகம் பிஜி-11தான். வடிநீரின் பிஹெச் 9.6, சாதாரண நீரில் 7.7. ஈடிடிஏவை நான் கருதவே இல்லை. சோதனையைத் திருத்திச் செய்ய வேண்டும் என்பது தெளிவாகிறது. எந்த ஒப்பீட்டை வைப்பது சரியாக இருக்கும்?

நுண்ணோக்கி எழுதியது:

பாசி இல்லாத அதே ஊடகத்தை, அதே விளக்கின் கீழ், அதே மூன்று வாரம் வைத்திருந்து, அதே வடிதாளில் வடித்துப் பயன்படுத்துங்கள். எல்லாக் குடுவைகளின் பிஹெச் அளவையும் ஒன்றாக்குங்கள். செம்பு சேர்க்காத ஒரு குடுவை இரண்டு நீருக்கும் வேண்டும். பிறகு செம்பின் அளவைப் படிப்படியாக உயர்த்தி, ஈடிடிஏ முழுவதையும் நிரப்பிவிடும் அளவைத் தாண்டிச் செல்லுங்கள். லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்றால் அது 3 மைக்ரோமோலைக் கடந்துவிடும். அங்கேயும் வடிநீர் காக்கிறது என்றால் அது பாசியின் வேலை.

தெளிகலம் எழுதியது:

குடிநீர்ச் சுத்திகரிப்பில் பல ஆண்டுகள் பணிசெய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். "மாசுகள் தாமாகவே தணிந்துவிடும்" என்ற உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் அனுபவத்தில் பாசியின் கசிவு மாசைத் தணிக்கும் பொருளாக வந்ததைவிட மாசாகவே வந்தது மிகுதி.

முதலில் குளோரின். இயற்கை நீரில் உள்ள கரிமப் பொருளோடு குளோரின் சேரும்போது குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீத்தேன்கள் உருவாகின்றன என்று நெதர்லாந்தின் ரூக் என்பவர் 1974இல் காட்டினார். அன்றுமுதல் எல்லாரும் இலைமட்கிலிருந்து வரும் ஹியூமிக் பொருளையே முதன்மைக் குற்றவாளியாகப் பார்த்துவந்தோம். பாசியின் கரிமப் பொருள் வேறு வகை. அதில் நைட்ரஜன் மிகுதி. ஆகவே குளோரினோடு சேரும்போது ஹாலோஅசிட்டோநைட்ரைல் போன்ற நைட்ரஜன் கொண்ட துணைவிளைபொருள்கள் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. இவை உருவாகும் அளவு குறைவுதான். ஆனால் உயிரணுச் சோதனைகளில் டிரைஹாலோமீத்தேன்களைவிட நச்சு மிகுந்தவையாகவே தெரிகின்றன. அமெரிக்க விதிகள் மொத்த டிரைஹாலோமீத்தேனுக்கு லிட்டருக்கு 80 மைக்ரோகிராம் என்று எல்லை வகுத்திருக்கின்றன. அந்த எல்லைக்குள் நீர் இருக்கிறது என்று நிம்மதியடைந்துவிட்டால், நைட்ரஜன் கொண்டவை நம் கண்ணில் படாமலே போய்விடும்.

அடுத்து படிகாரம். கலங்கல் நீரில் படிகாரத்தைப் போட்டால் துகள்கள் திரண்டு கீழே படியும். பாசிப்பெருக்குக் காலத்தில் அதே அளவு படிகாரம் வேலைசெய்யாது. பாசியின் புரதங்களும் பெப்டைடுகளும் படிகாரத்திலுள்ள அலுமினியத்தைப் பிடித்துக்கொள்கின்றன. துகள்களைத் திரட்ட வேண்டிய அலுமினியம் வேறு வேலையில் மாட்டிக்கொள்கிறது. நாங்கள் அளவைக் கூட்டிக்கொண்டே போவோம், திரளோ பஞ்சுபோல் மிதந்துகொண்டே இருக்கும். ஆக, உலோகத்தை "கட்டிப்போடும்" என்று நீங்கள் மகிழ்கிற அந்தக் குணமே எங்களுக்கு இடைஞ்சல்.

ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன். பணியின் தொடக்க ஆண்டுகளில், நான் இருந்த ஓர் இடத்தில் நீர்த்தேக்கம் பச்சையாகிவிட்டது. மேலிடத்து உத்தரவின்படி படகில் சென்று மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) தூவினோம். நீலக் கற்கள் கோணிப்பையில் கரைந்து, படகின் பின்னால் நீலக்கோடாக நீண்டதை இன்றும் நினைத்துப் பார்க்க முடிகிறது. மூன்றாம் நாள் நீர் கண்ணாடிபோல் தெளிந்துவிட்டது. எல்லாரும் கைகுலுக்கிக்கொண்டோம். அடுத்த நாள் காலை வடிகட்டித் தொட்டிக் கதவைத் திறந்தபோது, மழைக்குப் பின் கிளறிய மண்ணின் வாடையும் பூஞ்சணத்தின் வாடையும் கலந்து முகத்தில் அறைந்தது. செத்த பாசியின் உள்ளே இருந்ததெல்லாம் நீரில் கலந்துவிட்டது. ஜியோஸ்மின் என்ற அந்த வாடைப்பொருளை லிட்டருக்கு 10 நானோகிராம் அளவிலேயே மனித மூக்கு கண்டுகொள்ளும். அதை நீக்க இரண்டு வாரம் போராடினோம்.

நுண்ணோக்கி எழுதியது:

தெளிகலம் ஐயா சொன்ன நிகழ்ச்சி இந்த விவாதத்தின் மையத்தைத் தொடுகிறது. நாம் இருவரும் வெவ்வேறு பொருளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

உயிருள்ள பாசி வெளியே கசியவிடுவது ஒன்று. உயிரணு உடைந்ததும் உள்ளிருந்து கொட்டுவது இன்னொன்று. முன்னதில் கூட்டுச்சர்க்கரைகள் மேலோங்கியிருக்கும். பின்னதில் புரதமும் நைட்ரஜனும் மிகுதியாக இருக்கும். வாடைப்பொருள்களும் நச்சுகளும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி நலமாக இருக்கும்போது அதன் மைக்ரோசிஸ்டின் நச்சின் மிகப் பெரும்பகுதி உயிரணுவுக்குள்ளேயே இருக்கிறது. உயிரணுவை முழுதாக வடிகட்டி எடுத்துவிட்டால் நச்சும் அதோடு போய்விடும். உடைத்துவிட்டாலோ, வடிகட்டியில் நிற்காத கரைந்த நச்சை நாம்தான் உண்டாக்குகிறோம்.

இதற்கு வரலாற்றில் துயரமான சான்று உண்டு. 1979இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தைச் சேர்ந்த பாம் தீவில், குடிநீர் அணையில் பெருகிய பாசியை அழிக்கக் காப்பர் சல்பேட் இட்டார்கள். அதற்குச் சில நாள்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், கல்லீரல் வீக்கத்தோடும் வாந்தியோடும் நோயுற்றார்கள். அந்த அணையில் இருந்தது சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சிஸ் என்னும் நச்சுப்பாசி என்பது பின்னரே தெரியவந்தது. மயில்துத்தத்தைப் பாசிக்கொல்லியாகப் பயன்படுத்தும் முறை 1904இலேயே அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வாளர்களால் பரிந்துரைக்கப்பட்டு உலகெங்கும் பரவிவிட்டது. உயிரணுவுக்குள் இருப்பது வெளியே வரும் என்ற எளிய எண்ணம் அந்த நடைமுறைக்குள் நுழைய முக்கால் நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மயில்துத்தமும் செம்புதான். பழைய பாசிப்பெருக்கில் கசிவு மிகுதியாகச் சேர்ந்திருக்கும். அது செம்பைப் பிடித்துக்கொள்வதால் தொடக்கத்தில் இடும் மருந்து பாசியைச் சாகடிக்காது. பிறகு இன்னும் கூட்டி இடுவார்கள். நண்பர் வடிநீர் தம் குடுவையில் கண்டதும் தெளிகலம் ஐயா படகிலிருந்து கண்டதும் ஒரே வேதியியலின் இரு முகங்கள்.

கதிர்முகம் எழுதியது:

எல்லாரும் உலோகத்தைப் பற்றியே பேசுவதால் வெயிலை நினைவூட்டுகிறேன். என் வேலை, மருந்து எச்சங்கள் நீரில் எப்படிச் சிதைகின்றன என்பதைப் பார்ப்பது.

கரைந்த கரிமப் பொருள் ஒளியை உறிஞ்சும்போது அதன் மூலக்கூறுகள் சில கிளர்ச்சியுற்ற நிலைக்குப் போகின்றன. அந்த ஆற்றல் ஆக்சிஜனுக்குக் கைமாறினால் ஒற்றை ஆக்சிஜன் என்னும் வினைத்திறன் மிக்க வடிவம் பிறக்கிறது. ஹைட்ராக்சில் தனியுறுப்பு என்னும் இன்னொரு வினைத்திறன் மிக்க துணுக்கும் சிறிதளவு உருவாகிறது. தானாக ஒளியில் சிதையாத பல மருந்துகள் இவற்றால் தாக்கப்பட்டுச் சிதைகின்றன. பாசியின் கரிமப் பொருளும் இந்த வேலையைச் செய்யக்கூடியது. டெட்ராசைக்ளின், சல்ஃபா வகை எதிருயிரிகளில் இதைத் தெளிவாகக் காணலாம்.

அதே பொருள் தடையாகவும் நிற்கும். ஒளியைத் தான் விழுங்கிக்கொண்டு மருந்துக்கு எட்டாமல் செய்யும்; பிறந்த ஹைட்ராக்சில் தனியுறுப்பைத் தானே தின்றுவிடும்; பாதி சிதைந்த மருந்து மூலக்கூறுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து மீண்டும் பழைய உருவுக்கே கொண்டுவந்துவிடும். எது வெல்லும் என்பது மருந்தையும் கரிமப் பொருளின் செறிவையும் பொறுத்தது. மெல்லிய செறிவில் விரைவுபடுத்திய அதே கசிவு, செறிவு கூடியதும் மந்தப்படுத்துவதை என் குடுவைகளிலேயே பார்த்திருக்கிறேன். ஆகவே "பாசி நீரில் எதிருயிரி விரைந்து சிதையும்" என்று ஒரே வரியில் எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது, எவ்வளவு கரிமத்தில், எவ்வளவு ஆழத்தில் என்று கேளுங்கள். ஓர் அங்குல ஆழக் குடுவைக்கும் இரண்டு மீட்டர் ஆழக் குளத்துக்கும் ஒளிக் கணக்கு ஒன்றல்ல.

இதில் என்னை மிகவும் கவர்ந்த ஒரு நுட்பத்தையும் சொல்கிறேன். ஒற்றை ஆக்சிஜன் நீரில் சில மைக்ரோவிநாடிகளே உயிர்வாழும். அதற்குள் அது ஒரு மைக்ரோமீட்டரில் சிறு பின்னத்தையே கடக்க முடியும். ஆகவே அது பிறந்த கரிமத் துணுக்கின் உள்ளும் ஒட்டியும் அதன் செறிவு மிக உயர்ந்திருக்கும். வெளி நீரில் மிகத் தாழ்ந்திருக்கும். நீரை வெறுக்கும் மாசுப்பொருள் அந்தத் துணுக்குக்குள் ஒதுங்கியிருந்தால், அது அடைக்கலம் புகுந்த வீட்டிலேயே தாக்கப்படுகிறது. நுண்ணோக்கி சொன்ன "கட்டுண்டால் பாதுகாப்பு" என்பது செம்புக்கும் நீர்த்தெள்ளுக்கும் பொருந்தும். ஒளியில் நிற்கும் கரிம மாசுக்கு ஒட்டியிருப்பதே சிதைவுக்கு வழியாகலாம்.

மெழுகுத்திரி எழுதியது:

நான் வெறும் வாசகன்தான். நெகிழித் துகள்களுக்கும் இது பொருந்துமா?

நுண்ணோக்கி எழுதியது:

பொருந்தும். நீரில் விழுந்த நெகிழித் துகளின் மேல் சில மணி நேரத்திலேயே புரதமும் கூட்டுச்சர்க்கரையும் ஒரு படலமாகப் படிகின்றன. அந்த ஒட்டும் படலத்தால் துகள்கள் ஒன்றோடொன்றும் பாசியோடும் சேர்ந்து கனத்து மூழ்குகின்றன. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, கசிந்த எண்ணெயின் ஒரு பகுதி பாசியும் நுண்ணுயிர்களும் விட்ட பிசினோடு சேர்ந்து பனித்துகள்போல் ஆழ்கடலின் அடியில் படிந்ததும் இதே வழியில்தான். மேற்பரப்பு தூய்மையானதுபோல் தெரிந்தது. மாசு இடம் மாறியிருந்தது.

சேற்றடி எழுதியது:

"இடம் மாறியிருந்தது" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு தொடர்கிறேன். நான் ஏரிகளின் அடிச்சேற்றில் பாதரசத்தை ஆய்வுசெய்கிறேன். செம்பைப் பற்றி இங்கே சொல்லப்பட்டதை அப்படியே பாதரசத்துக்கும் எடுத்துச்செல்வது ஆபத்து என்பதற்காகவே எழுதுகிறேன்.

பாதரசமும் பாசியின் தயோல் தொகுதிகளில் இறுக ஒட்டுகிறது. அதோடு கதை முடிந்தால் நல்லது. ஆனால் பாசிப்பெருக்கு ஒருநாள் சரியும். செத்த பாசி அடியில் விழுந்து அழுகும்போது அங்குள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகும். ஆக்சிஜன் இல்லாத அந்தச் சேற்றில் சல்பேட்டையோ இரும்பையோ கொண்டு மூச்சுவிடும் நுண்ணுயிர்கள் தலையெடுக்கும். அவற்றுள் சில, கனிமப் பாதரசத்தை நச்சு மிகுந்த மெத்தில் பாதரசமாக மாற்றும் திறன் கொண்டவை. அந்தத் திறனுக்குக் காரணமான இரு மரபணுக்கள் 2013இல்தான் அடையாளம் காணப்பட்டன. பாசியின் புதிய கரிமப் பொருள் இந்த நுண்ணுயிர்களுக்குச் சமைத்துவைத்த உணவு. இலைமட்கிலிருந்து வரும் பழைய கரிமத்தைவிடப் பாசியிலிருந்து வரும் இளங்கரிமம் இந்த மாற்றத்தைக் கூடுதலாகத் தூண்டுகிறது என்று வடபுல ஏரிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. மெத்தில் பாதரசம்தான் மீனில் ஏறி மீன் உண்பவரிடம் வருவது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பாசி மிகுதியாகப் பெருகும்போது, நீரில் உள்ள மெத்தில் பாதரசம் எண்ணற்ற உயிரணுக்களுக்கிடையே பங்கிடப்படுகிறது. ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும் அளவு குறைகிறது. அதைத் தின்னும் நீர்த்தெள்ளின் உடலிலும் குறைகிறது. ஆக, பெருக்கின் உச்சத்தில் ஒரு விடை, சரிவுக்குப் பின் வேறொரு விடை. இரண்டையும் ஒரே கோடையில் ஒரே ஏரியில் காணலாம். மேல்நீரை மட்டும் அள்ளி அளந்து "தணிந்தது" என்று எழுதுவோர் அடிச்சேற்றையும் ஒரு குழாய் இறக்கி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தெளிகலம் எழுதியது:

நண்பர்கள் விளக்கியதை ஏற்கிறேன். கசிவு முழுவதையும் பகையாக நான் எழுதியது மிகை. ஆனால் சுத்திகரிப்பு நிலையத்தில் நிற்பவருக்கு எது கசிவு, எது உடைந்த உயிரணுவின் உள்ளீடு என்று பிரித்துப் பார்க்கும் ஓய்வு கிடைப்பதில்லை. ஆகவே நடைமுறையில் நான் கற்றுக்கொண்ட சிலவற்றைப் பதிகிறேன்.

பாசி மிகுந்த நீரில் தொடக்கத்திலேயே குளோரினைப் போடாதீர்கள். உயிரணுவை முழுதாக வைத்துக்கொண்டு, திரட்டியோ காற்றுக்குமிழிகளால் மிதக்கவிட்டோ முதலில் அகற்றிவிட்டு, அதன் பிறகே குளோரினுக்குப் போக வேண்டும். முன்கூட்டியே ஏதேனும் ஆக்சிஜனேற்றி வேண்டுமென்றால், குறைந்த அளவு பெர்மாங்கனேட் குளோரினையும் ஓசோனையும்விட உயிரணுவிடம் மென்மையாக நடந்துகொள்கிறது. மைக்ரோசிஸ்டின் நச்சு நீரில் கரைந்துவிட்ட பிறகு குளோரின் அதைச் சிதைக்கும் என்பதும் உண்மை. ஆனால் அதற்குப் பிஹெச் 8க்குக் கீழே இருக்க வேண்டும், போதிய நேரமும் வேண்டும். பாசி மிகுந்த நீரின் பிஹெச் 9க்கு மேல் நிற்கிறது என்பதை வடிநீரின் அளவீடே சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் மைக்ரோசிஸ்டினுக்கு வாழ்நாள் முழுதும் அருந்தும் நீரில் லிட்டருக்கு 1 மைக்ரோகிராம், குறுகிய காலத்துக்கு 12 மைக்ரோகிராம் என வழிகாட்டு அளவுகள் தந்திருக்கிறது. 2014இல் ஈரி ஏரியின் கரையில் உள்ள டொலீடோ நகரில், ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்களுக்குக் குழாய் நீரை அருந்த வேண்டாம் என்று சொல்ல வேண்டிவந்தது இந்த நச்சால்தான்.

கரித்தூளைப் பற்றியும் ஒரு சொல். பூச்சிக்கொல்லியையும் வாடையையும் உறிஞ்சக் கிளர்வூட்டிய கரியை இடுகிறோம். பாசியின் சிறு மூலக்கூறுகள் அதே நுண்துளைகளுக்குப் போட்டியிடுகின்றன; பெரிய கூட்டுச்சர்க்கரைகள் துளையின் வாயிலை அடைத்துவிடுகின்றன. தூய நீரில் சோதித்து வாங்கிய கரியின் திறனை அப்படியே நம்பி அளவிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். நிலையத்துக்கு வரும் அந்த நாளின் நீரிலேயே குடுவைச் சோதனை செய்ய வேண்டும்.

கடைசியாக ஒன்று: புற ஊதா உறிஞ்சலை மட்டும் நம்பிக் கரிமத்தை மதிப்பிடும் நிலையங்கள் பல. பாசியின் கரிமத்தில் நறுமண வளையங்கள் (பென்சீன் போன்ற கரிம வளையங்கள்) குறைவு. ஆகவே அது புற ஊதாவைக் குறைவாகவே உறிஞ்சும். கருவி "நீர் நன்றாக இருக்கிறது" என்று காட்டும் நாளில் கரிமம் இருமடங்காகியிருக்கலாம்.

கதிர்முகம் எழுதியது:

கடைசிப் பத்தி மிக முக்கியமானது. ஒளிர்வு அளக்கும் கருவி கையில் இருப்பவர்கள் 275 நானோமீட்டர் அலைநீள ஒளியால் நீரைக் கிளர்வூட்டி, அது திரும்ப உமிழும் ஒளியை 340 நானோமீட்டர் அருகே பாருங்கள். டிரிப்டோஃபான் போன்ற புரத ஒளிர்வு அங்கே தெரியும். உயிரணுக்கள் உடையத் தொடங்கும்போது அந்த ஒளிர்வு எழும்பும். பாசிப்பெருக்கு சரியத் தொடங்குவதை அது முன்கூட்டியே காட்டிக்கொடுப்பதுண்டு.

வடிநீர் எழுதியது:

நாலு வாரம் கழித்து மீண்டும் வருகிறேன். நுண்ணோக்கி சொன்னபடி சோதனையைத் திருத்திச் செய்தேன். மூன்று நீர்: சாதாரண சோதனை நீர், பாசியின்றி மூன்று வாரம் விளக்கின் கீழ் இருந்த ஊடகம், பாசி வளர்ந்த ஊடகத்தின் வடிநீர். மூன்றின் பிஹெச் அளவையும் 7.7க்குக் கொண்டுவந்தேன். செம்பு சேர்க்காத குடுவைகளில் நீர்த்தெள்ளுகள் எல்லாம் நலமாக இருந்தன.

லிட்டருக்கு 60 மைக்ரோகிராம் செம்பில், பாசியே இல்லாத ஊடகமும் நீர்த்தெள்ளுகளை முழுமையாகக் காத்துவிட்டது. அதாவது, என் முதல் சோதனையில் பாசியின் புகழாக நான் எழுதியதில் பெரும்பகுதி ஈடிடிஏவுக்கும் உப்புகளுக்கும் உரியது. இதை இங்கே கேட்காமல் எழுதி அனுப்பியிருந்தால் தவறான முடிவொன்று என் பெயரில் வெளிவந்திருக்கும்.

200 மைக்ரோகிராமில்தான் பிரிவு தெரிந்தது. பாசியில்லாத ஊடகத்தில் பெரும்பாலானவை அசைவற்றுப்போயின. வடிநீரில் பாதிக்கு மேல் நீந்தின; ஆனால் முன்பு கண்ட துள்ளல் இல்லை. பல, குடுவையின் நடுமட்டத்தில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தன. ஆகவே கசிவு காக்கிறது; நான் எண்ணியதைவிடச் சிறிதாக, ஓர் எல்லைவரை காக்கிறது.

இன்னொரு குடுவையும் வைத்தேன். தெளிகலம் ஐயாவின் படகு நிகழ்ச்சியைப் படித்த பிறகு, அதே பாசியை உறையவைத்து உருக்கி உயிரணுக்களை உடைத்து வடித்தேன். அந்த வடிநீரும் செம்பிலிருந்து காத்தது, முன்னதைவிடக் கூடுதலாகவே. ஆனால் இரண்டாம் நாள் அதில் நுண்ணுயிர்கள் பெருகி நீர் பால்போல் கலங்கிவிட்டது. ஆக்சிஜன் குறைந்ததால் செம்பு சேர்க்காத குடுவையிலும் சில இறந்தன. அந்த முடிவை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

நுண்ணோக்கி எழுதியது:

சேர்க்காமல் விட்டது சரி. ஆனால் அதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஏரியில் பாசிப்பெருக்கு சரியும்போது நடப்பதன் சிறு உருவம் அது: உலோகம் கட்டுண்டது, ஆக்சிஜன் தீர்ந்தது. சேற்றடி எழுதியதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஒரே ஒரு ஐயம் மீதமிருக்கிறது. வடிக்கும்போது வெற்றிட அழுத்தம் எவ்வளவு வைத்தீர்கள்? மிகுதியாக உறிஞ்சினால் தாளின் மேலேயே உயிரணுக்கள் நசுங்கி உள்ளீடு கசிந்துவிடும். "கசிவு" என்று நீங்கள் பெயரிட்டது பாதி உள்ளீடாக இருக்கலாம். வடிதாளும் தன் பங்குக்குக் கரிமத்தை விடும் என்பதால், தாளை முன்பே தூய நீரால் நன்கு கழுவி, முதலில் வரும் வடிநீரைக் கொட்டிவிடுங்கள். இயன்றால் செம்பு அயனி மின்முனை ஒன்றைக் கொண்டு தனித்த அயனியை நேரடியாக அளந்துவிடுங்கள். அப்போது நீர்த்தெள்ளு சொல்வதையும் மின்முனை சொல்வதையும் ஒப்பிடலாம்.

வடிநீர் எழுதியது:

அழுத்தத்தை நான் குறித்துவைக்கவில்லை. விசையை முழுதாகத் திறந்துதான் வடித்தேன். பக்கத்து ஆய்வகத்தில் மின்முனை இருக்கிறது, கேட்டிருக்கிறேன். புதிய வளர்ப்பு இன்று பதினோராம் நாளில் இருக்கிறது. இந்த முறை பாதியை வெற்றிடமின்றி, நீரின் எடையாலேயே சொட்டுச்சொட்டாக வடியவிட்டு, மீதியை முன்போலவே உறிஞ்சி வடித்து, இரண்டின் புரத ஒளிர்வையும் அருகருகே வைத்துப் பார்த்த பிறகு இங்கே எழுதுகிறேன்.